தலைப்பை நம்பினால் என்ன ஆகும்?

வாசக நண்பர்களே, ஒரு விளையாட்டுக்கு வருகிறீர்களா? அதற்கு வேண்டியவை மூன்றே பொருள்கள்: ஒரு பழைய செய்தித்தாள், ஒரு பென்சில், கணக்குப் போட ஒரு துண்டுக் காகிதம். செய்தித்தாள் எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. கடலை பொதிந்து வந்த தாளாக இருந்தாலும் குற்றமில்லை.

விளையாட்டின் விதி எளியது. அந்தத் தாளில் விஞ்ஞானம் பற்றிய தலைப்பு ஒன்றைத் தேடுங்கள். அதில் சொல்லியிருப்பது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று ஒரு மணி நேரம் நம்புங்கள். பிறகு, “அப்படியானால் வேறு என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும்?” என்று கேட்டுக்கொண்டே போங்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு வந்த இடத்திலேயே நின்று, ஏன் சிரித்தோம் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தலைப்பு எதை விட்டுவிட்டது என்பது அங்கே புலப்படும்.

இது பொழுதுபோக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். வடிவகணித வகுப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். “இவ்விரு கோடுகளும் சந்திக்கின்றன என்று கொள்வோம்” என்று ஆசிரியர் தொடங்குவார். படிப்படியாகச் சென்று, நடக்க முடியாத ஒரு முடிவை அடைவார். “எனவே நாம் கொண்டது தவறு” என்று முடிப்பார். நம் விளையாட்டும் அதே முறைதான். அங்கே கரும்பலகை, இங்கே செய்தித்தாள்.

நான் விளையாடிப் பார்த்த சில தலைப்புகளை உங்கள் முன் வைக்கிறேன். எல்லாம் அமெரிக்க நாளிதழ்களில் வந்தவை. பெரும்பாலானவை ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் வந்தவை. அந்த இதழ் மதிப்பு மிக்கது. அதனால்தான் அதை எடுத்துக்கொண்டேன். இளைத்தவனோடு மல்லுக்கு நிற்பதில் என்ன பெருமை?

செவ்வாயில் நடந்த மராமத்து

1911 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை. அன்று வந்த தலைப்பு இது: “செவ்வாய்வாசிகள் இரண்டே ஆண்டுகளில் இரண்டு மாபெரும் கால்வாய்களை வெட்டினர்.”

இதன் முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1877 இல் இத்தாலிய வானியலார் ஷியாபரெல்லி, செவ்வாய்க் கிரகத்தின் மேல் மெல்லிய கோடுகள் தெரிவதாகக் கூறினார். அவர் தம் மொழியில் அவற்றுக்கு இட்ட பெயர் ‘கனாலி’. இயற்கையாக அமைந்த ஓடைக்கும் அச்சொல் பொருந்தும். மனிதர் வெட்டிய கால்வாய்க்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் அது வெட்டிய கால்வாயாகவே மாறிவிட்டது. பெர்சிவல் லோவல் என்ற அமெரிக்கச் செல்வர் 1894 இல் அரிசோனா மாநிலத்தின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் ஒரு வானாய்வகத்தையே கட்டினார். வறண்டுபோகும் தம் உலகைக் காக்க, துருவப் பனி உருகிய நீரைச் செவ்வாயின் அறிவாளிகள் கால்வாய்கள் வழியே கொண்டுசெல்கின்றனர் என்று நூல்கள் எழுதினார். புதிதாக இரண்டு கோடுகள் தெரிந்ததும் வந்ததுதான் மேற்கண்ட தலைப்பு.

சரி, நம்புவோம். பென்சிலை எடுங்கள். பூமியிலிருந்து பார்க்கும்போது கோடாகத் தெரிய வேண்டுமானால் அகலம் பல கிலோமீட்டர் இருந்தாக வேண்டும். 30 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நீளம் 1,600 கி.மீ., ஆழம் 10 மீட்டர் போதும். இரண்டு கால்வாய்களிலும் தோண்ட வேண்டிய மண் 96,000 கோடி கன மீட்டர். இரண்டு ஆண்டுகளுக்கு 730 நாள்கள். ஆக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 130 கோடி கன மீட்டர்!

இது எவ்வளவு பெரிது? நம் பூமியில் சூயஸ் கால்வாயை வெட்ட 1859 முதல் 1869 வரை பத்து ஆண்டுகள் பிடித்தன. தோண்டிய மண் ஏறத்தாழ 7½ கோடி கன மீட்டர். அப்படியானால் செவ்வாய்வாசிகள் நாள்தோறும் பதினேழு சூயஸ் கால்வாய்களை வெட்டி முடித்திருக்கிறார்கள். ஓய்வு நாள் கிடையாது.

ஓர் ஆள் மண்வெட்டியால் நாளைக்கு 3 கன மீட்டர் தோண்டுவதாகக் கொண்டால், 43 கோடி ஆள்கள் வேண்டும். நீர்ப் பஞ்சத்துக்காக வெட்டும் கால்வாயில் வேலை செய்யும் இந்த 43 கோடிப் பேருக்கு, கால்வாயில் நீர் வரும்வரை குடிநீர் எங்கிருந்து வந்தது? இதைக் கேட்க அந்த நாளிதழுக்குத் தோன்றவில்லை. தோண்டிய மண்ணை என்ன செய்தார்கள்? நான்கு கரைகளிலும் கொட்டியிருந்தால், 300 மீட்டர் உயரமும் ஒரு கிலோமீட்டர் அடியகலமும் கொண்ட மலைத்தொடர்கள் 6,400 கி.மீ. நீளத்துக்கு எழுந்திருக்கும். அவற்றைப் பற்றியும் செய்தியில்லை.

நாம் இப்போது சிரிப்பது எளிது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அந்தத் தலைப்பு வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1907 இல், ஒருவர் இதே முறையில் கணக்குப் பார்த்துவிட்டார். டார்வினோடு இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்ட ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்தான் அவர். அப்போது அவருக்கு வயது 84. கொடும் பாலைவனத்தின் வழியே திறந்த கால்வாயில் நீரை அனுப்பினால் அது வழியிலேயே ஆவியாகியும் மண்ணில் இறங்கியும் போய்விடுமே. அறிவாளிகள் இப்படிச் செய்வார்களா என்று அவர் ஒரு நூலில் கேட்டார். அதற்கும் முன்பு, 1903 இல், கிரீன்விச்சில் மாண்டர் என்ற வானியலார் பள்ளி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். கோடுகளே இல்லாத, ஒழுங்கற்ற புள்ளிகளும் கறைகளும் உள்ள படத்தைத் தொலைவில் வைத்துப் பார்த்து வரையச் சொன்னார். தொலைவில் அமர்ந்த மாணவர் பலர் நேர்கோடுகளை வரைந்தனர்! சிதறிய புள்ளிகளை இணைத்துக் கோடாகக் காண்பது நம் கண்ணுக்கும் மூளைக்கும் உள்ள பழக்கம். 1965 ஜூலையில் மாரினர் 4 என்ற விண்கலம் செவ்வாயின் அருகே சென்று படங்கள் எடுத்தபோது, அங்கே பள்ளங்கள் இருந்தன. கால்வாய் ஒன்றுகூட இல்லை.

தலைப்பின் பிழை எங்கே இருந்தது? தொலைநோக்கியில் தெரிந்தவை இரண்டு கோடுகள். கோடு கால்வாயாயிற்று, கால்வாய் வெட்டப்பட்டதாயிற்று, வெட்டியவர் செவ்வாய்வாசி ஆனார். கண்டது ஒன்று, கருதியது மூன்று. தலைப்பில் கருதியவை மட்டுமே இடம்பெற்றன.

வாலில் இருந்த நஞ்சு

அடுத்தது 1910 பிப்ரவரியில் வந்தது: “வால் நட்சத்திரத்தின் நச்சு வால்.”

அந்த ஆண்டு ஹாலி வால் நட்சத்திரம் சூரியனை நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் நிறமாலையை ஆராய்ந்த அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தினர், அதில் சயனோஜன் என்ற வாயு இருப்பதைக் கண்டனர். அது கொடிய நஞ்சு. மே மாதத்தில் பூமி அந்த வாலினூடே செல்லும் என்றும் கணக்கிடப்பட்டிருந்தது. ஃபிரெஞ்சு வானியலார் ஃபிளமாரியான், அந்த வாயு காற்றில் கலந்து உயிர்களையெல்லாம் அழித்துவிடக்கூடும் என்று கருதுவதாகவும் செய்தி வந்தது. பிறகு கேட்க வேண்டுமா? சாவித் துவாரங்களைக் காகிதத்தால் அடைத்தவர்கள் உண்டு. ‘வால் நட்சத்திர மாத்திரை’ விற்றுப் பணம் பண்ணியவர்களும் உண்டு.

கவனியுங்கள்: செவ்வாய்த் தலைப்பைப் போல இதில் பொய் ஏதும் இல்லை. வால் நட்சத்திரம் உண்மை, வால் உண்மை, நஞ்சும் உண்மை. பிழை எங்கே ஒளிந்திருக்கிறது? மீண்டும் பென்சிலை எடுப்போம்.

வால் நட்சத்திரத்தின் வால், நாம் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கும் வெற்றிடத்தைக் காட்டிலும் வெறுமையானது. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 25 இட்டு அதன்பின் 18 சுழிகள் இட்டால் வருவது. வாலில் ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு மூலக்கூறுகள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறும் சயனோஜனே என்றும் கொள்வோம். பூமி வினாடிக்கு 70 கி.மீ. வீதம் ஆறு மணி நேரம் அதனூடே சென்று, வழியில் பட்ட அத்தனையையும் வாரிக்கொண்டது என்றும் கொள்வோம். கிடைக்கும் நஞ்சின் எடை ஏறத்தாழ 1,600 டன். ஒரே ஒரு சரக்கு ரயிலில் ஏற்றிவிடலாம்.

பூமியின் காற்று முழுவதன் எடையோ, 5 இட்டு அதன்பின் 15 சுழிகள் இட்டால் வரும் டன்கள். ஒரு லட்சம் கோடிப் பங்கு காற்றில் நஞ்சு ஒரு பங்குகூட வராது. ஒரு மனிதன் ஒரு நாள் முழுதும் மூச்சிழுத்தாலும், ஒரு கிராமைக் கோடிக் கூறிட்டு அதில் ஒரு கூறுகூட அவன் உடலுக்குள் போகாது. நாம் உண்ணும் மரவள்ளிக் கிழங்கிலும் சயனைடைத் தரும் பொருள் இருக்கிறது. ஊறவைத்து, வேகவைத்து, அதன் அளவைக் குறைத்து உண்கிறோம். “கிழங்கில் நஞ்சு!” என்று தலைப்பிட்டால் அதுவும் உண்மைதானே?

“அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு” என்பது நம் பழமொழி. அதைத் திருப்பிப் போட்டாலும் பொருந்தும். அளவு குன்றிவிட்டால் நஞ்சும் வெறும் பெயர்தான். அந்தத் தலைப்பு பெயரைச் சொல்லியது, அளவைச் சொல்லவில்லை.

இங்கே ஒரு செய்தியை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். அதே வால் நட்சத்திரத்தைப் பற்றி அப்போது புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் ஒரு கவிதை எழுதினார். அந்த நீண்ட வால் மிக மிக மென்மையான வாயுவால் ஆனதென்றும், அது பூமியைத் தொட்டாலும் எளியவர்க்குத் துன்பம் தராது போய்விடும் என்றும் அறிந்தோர் கூறுவதை அவர் அதில் சேர்த்துக்கொண்டார். நாளிதழ் விட்ட அளவு, கவிஞரிடம் தப்பாமல் நின்றது. 1910 மே மாதம் வந்தது, போயிற்று. மூச்சுத் திணறியவர் யாருமில்லை, துவாரங்களை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தவர்களைத் தவிர!

கோணலாகிப்போன விண்மீன்கள்

மூன்றாவது தலைப்பு 1919 நவம்பர் 10 இல் வந்தது: “வானில் விளக்குகள் எல்லாம் கோணல்.” அதன் கீழே அடுக்கடுக்காகத் துணைத் தலைப்புகள். விஞ்ஞானிகள் ஏறத்தாழப் பரபரப்பில் ஆழ்ந்தனராம். விண்மீன்கள் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் இல்லையாம். ஆனால் யாரும் கவலைப்பட வேண்டாமாம்! ஐன்ஸ்டீன் எழுதியதைப் புரிந்துகொள்ள உலகில் பன்னிரண்டு பேர்தான் உண்டாம்.

நம்பினால் என்ன ஆகும்? விண்மீனைப் பார்த்துத் திசையறியும் மாலுமி கொழும்புக்குப் புறப்பட்டு ரங்கூனில் போய் இறங்குவார். பஞ்சாங்கம் கணிப்பவர் இருபத்தேழு நட்சத்திரங்களையும் முதலிலிருந்து தேட வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஐன்ஸ்டீன் பாடத்துக்குப் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டால் போதும்.

உண்மையில் நடந்தது இதுதான். 1919 மே 29 இல் முழுச் சூரிய கிரகணம். பிரேசில் நாட்டின் சோப்ராலிலும், ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிப்பித் தீவிலும் ஆங்கிலேய வானியலார் அதைப் படமெடுத்தனர். சூரியனின் விளிம்பை ஒட்டி வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை வளையும் என்பது ஐன்ஸ்டீனின் கணிப்பு. நியூட்டன் வழியில் கணக்கிட்டால் அதில் பாதிதான் வரும். அளந்தவை ஐன்ஸ்டீன் பக்கம் சாய்ந்தன. நவம்பர் 6 இல் லண்டனில் இதை அறிவித்தனர்.

1.75 விகலை என்றால் எவ்வளவு? இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு நாணயத்தை மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்திப் பாருங்கள். அந்த நாணயம் உங்கள் கண்ணில் ஏற்படுத்தும் கோணம்தான் அது. அதுவும் சூரிய விளிம்பை உரசி வரும் ஒளிக்கு மட்டும். இரவில் மாலுமி பார்க்கும் விண்மீன், சூரியனின் அருகில் இல்லை. அவர் கொழும்புக்கே போய்ச் சேர்வார்.

எனவே “யாரும் கவலைப்பட வேண்டாம்” என்று தலைப்பு சொன்னது சரிதானே என்பீர்கள். இங்கேதான் இந்தத் தலைப்பு மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. முதற்பாதியில் மிகைப்படுத்தியது, பிற்பாதியில் குறைத்துச் சொல்லிவிட்டது. ஐன்ஸ்டீன் கொள்கையின் மெய்யான விளைவுகளுள் ஒன்று இன்று உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் கடிகாரங்கள் உள்ளன. ஐன்ஸ்டீன் கூறியபடி, அவை பூமியிலுள்ள கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு விரைவாக ஓடுகின்றன. ஒளி அந்த நேரத்தில் 11 கி.மீ. கடந்துவிடும். இதைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் நீங்கள் உங்கள் ஊரில் நிற்கும்போது கருவி பக்கத்து ஊரைக் காட்டும். கோணலான விளக்குகள் மாலுமியை ஏமாற்றவில்லை. கணக்கில் சேர்க்காவிட்டால் நம்மை ஏமாற்றியிருக்கும். 1919 இல் எந்தத் தலைப்பாசிரியரும் இதைக் கற்பனை செய்திருக்க முடியாது. அது அவர் குற்றமன்று. ஆனால் தெரியாத விளைவைப் பற்றி “கவலைப்பட வேண்டாம்” என்று உறுதி கூறியது குற்றந்தான்.

சிரிப்பு தவறிய இடம்

இதுவரை நாம் நாளிதழைப் பார்த்துச் சிரித்தோம். இனி நாளிதழ் பிறரைப் பார்த்துச் சிரித்த கதையைக் கேளுங்கள். இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

1920 ஜனவரியில், இராபர்ட் கோடார்ட் என்ற இயற்பியல் பேராசிரியர் எழுதிய ஆய்வுரை பற்றிய செய்தி அமெரிக்க நாளிதழ்களில் வந்தது. மிக உயரத்துக்குக் கருவிகளை அனுப்ப இராக்கெட் உதவும் என்பதே அந்த உரையின் பொருள். கடைசியில், வெடிமருந்து ஏற்றிய இராக்கெட் ஒன்று நிலவையும் எட்டலாம், அங்கே உண்டாகும் ஒளியைத் தொலைநோக்கியால் காணலாம் என்று ஒரு குறிப்பும் இருந்தது. ஜனவரி 13 இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ தலையங்கப் பக்கத்தில் அவரைக் கேலி செய்தது. காற்று மண்டலத்தைத் தாண்டியபின் இராக்கெட் எதை உந்தி முன்னேறும்? வெற்றிடத்தில் உந்துவதற்கு ஒன்றுமில்லையே! உயர்நிலைப் பள்ளியில் அன்றாடம் கற்பிக்கும் அறிவுகூட இந்தப் பேராசிரியருக்கு இல்லை என்று எழுதியது.

பார்த்தீர்களா? அந்த ஆசிரியரும் நம் விளையாட்டைத்தான் ஆடினார். “இது உண்மையானால் என்ன ஆகும்?” என்று கேட்டார், நடக்க முடியாத முடிவைக் கண்டதாக எண்ணினார், சிரித்தார். ஆனால் இடையில் ஒரு படியைச் சோதிக்க மறந்துவிட்டார். இராக்கெட் காற்றை உதைத்துத்தான் நகர்கிறது என்பதே அந்தப் படி.

அதை நாம் சோதிப்போம். அசையாத குளத்தில் ஒரு தோணியில் நின்றுகொண்டு, ஒரு கனத்த கல்லைக் கரைப்பக்கம் வீசுங்கள். தோணி எதிர்ப்பக்கம் நகரும். எப்போது நகர்கிறது? கல் கரையில் போய் மோதியபோதா? இல்லை, உங்கள் கையை விட்டுப் புறப்படும்போதே. கல்லைத் தள்ளியதற்கு எதிராகக் கல் உங்களைத் தள்ளுகிறது. கல் பிறகு எதில் மோதினாலும், எதிலும் மோதாவிட்டாலும், தோணிக்கு அதனால் ஒன்றுமில்லை. இராக்கெட் தான் வெளியேற்றும் வாயுவைத்தான் உந்துகிறது. காற்று அதற்குத் துணையன்று, தடை. நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான். அது உயர்நிலைப் பள்ளியில் அன்றாடம் கற்பிக்கும் பாடம்தான்! கோடார்ட் அதைச் சொல்லோடு விடவும் இல்லை. காற்றை நீக்கிய கலத்துக்குள் வெடித்துப் பார்த்து, அங்கும் உந்துவிசை உண்டு என்பதை முன்பே சோதனையால் கண்டிருந்தார்.

அவர் வேலையை நிறுத்தவில்லை. 1926 மார்ச் 16 இல் உலகின் முதல் திரவ எரிபொருள் இராக்கெட்டைப் பறக்கவிட்டார். அது இரண்டரை வினாடியில் 41 அடி உயர்ந்து விழுந்தது. 1929 ஜூலை 17 இல், ஒரு வெப்பமானி, ஒரு காற்றழுத்தமானி, ஒரு படக்கருவி ஆகியவற்றைச் சுமந்த இராக்கெட்டை ஏவினார். அது 90 அடி உயர்ந்தது. பேரோசை கேட்டு அக்கம்பக்கத்தார் கூடிவிட்டனர். உள்ளூர் நாளிதழ் இட்ட தலைப்பு: “நிலவு இராக்கெட் 2,38,799½ மைலில் இலக்கைத் தவறவிட்டது.”

இந்தத் தலைப்பில் அளவு இருக்கிறது. அரை மைல்வரை துல்லியமாக இருக்கிறது! வால் நட்சத்திரத் தலைப்பில் எண்ணே இல்லை என்று குறைபட்டோம். இங்கே எண் இருந்தும் தலைப்பு ஏன் தவறு? இரண்டு காரணங்கள். பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தொலைவு ஒரே மாதத்துக்குள் ஏறத்தாழ 3,63,000 கி.மீ. முதல் 4,05,000 கி.மீ. வரை மாறுகிறது. அதில் அரை மைல் துல்லியம் என்பது யானையை நிறுக்கும்போது அதன் முதுகில் உள்ள எறும்புக்கும் கணக்குக் காட்டுவதுபோல. அடுத்த காரணம் அதைவிடப் பெரிது. அன்று அந்த இராக்கெட் நிலவுக்கு ஏவப்படவே இல்லை. கருவிகளைச் சுமந்து உயரப் பறக்குமா என்பதே அன்றைய கேள்வி, பறந்தது. மாணவன் எழுதாத தேர்வில் அவனுக்குச் சுழி போட்டது போன்ற வேலை இது.

இந்தக் கேலியால் விளைந்தது என்ன? கோடார்ட் தம் முடிவுகளைப் பிறரிடம் சொல்லத் தயங்குபவரானார். மாசசூசெட்ஸில் சோதனை செய்யவும் தடை வந்தது. அதே பரபரப்பின் வழியாகவே விமானி லிண்ட்பர்க் அவரைப் பற்றி அறிந்து உதவ முன்வந்ததும் உண்மை. 1930 இல் குக்கன்ஹைம் குடும்பத்தின் நிதியுதவியோடு அவர் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல் பாலைவனத்துக்குப் போய்த் தனித்து உழைத்தார். 1945 இல் மறைந்தார். நிலவுப் பயணத்தை அவர் காணவில்லை.

1969 ஜூலை 16 இல் மூன்று மனிதரைச் சுமந்து அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் புறப்பட்டது. மறுநாள், ஜூலை 17 இல், அதாவது அந்த 90 அடிப் பயணம் நடந்து சரியாக நாற்பது ஆண்டுகள் நிறைந்த நாளில், ‘நியூயார்க் டைம்ஸ்’ ஒரு சிறு குறிப்பை வெளியிட்டது. 1920 இல் தான் எழுதியதை நினைவுகூர்ந்து, வெற்றிடத்திலும் இராக்கெட் இயங்கும் என்பது உறுதிப்பட்டுவிட்டதாகக் கூறி, பிழைக்கு வருத்தம் தெரிவித்தது.

நமக்கும் இதில் பாடம் உண்டு

நண்பர்களே, தலைப்பாசிரியரை மட்டும் குறைகூறி இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. ஐந்தாறு சொற்களுக்குள் ஒரு கண்டுபிடிப்பை அடக்க வேண்டிய கடமை அவருக்கு. இடம் போதாதபோது முதலில் வெளியே தள்ளப்படுவது அளவு; அடுத்து, “இருக்கலாம்”, “தோன்றுகிறது” போன்ற சொற்கள். அவர் தள்ளியதை மீண்டும் உள்ளே கொண்டுவருவது வாசகர் வேலை. அதற்கு மூன்று கேள்விகள் போதும். இதில் கண்டது எது, கருதியது எது? எவ்வளவு? எதோடு ஒப்பிட்டு? செவ்வாய்த் தலைப்பு முதற்கேள்வியில் விழுந்தது; நச்சு வால் இரண்டாவதில் விழுந்தது; அரை மைல் தலைப்பு மூன்றாவதில் விழுந்தது.

நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அது நமக்கு நாமே கேட்க வேண்டியது: நான் சிரிப்பதற்கு முன் ஒவ்வொரு படியையும் சோதித்தேனா? விளைவுகளை எண்ணிச் சிரிப்பது நல்ல கருவி. ஆனால் கணக்கில்லாமல் சிரித்தால், செவ்வாய்வாசியைப் பார்த்துச் சிரித்த அதே வாய் கோடார்டையும் பார்த்துச் சிரிக்கும். வகுப்பில் யாராவது விந்தையான கேள்வி ஒன்றைக் கேட்டு, சுற்றிலும் சிரிப்பு எழும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் பென்சிலை எடுங்கள்.

நான் பார்த்த தலைப்புகளுள் எது சிறந்தது என்று கேட்பீர்களானால், தயங்காமல் சொல்வேன்: 1969 ஜூலை 17 அன்று அந்தச் சிறு குறிப்பின் மேல் இருந்ததுதான். அதில் செவ்வாய்வாசியும் இல்லை, நஞ்சும் இல்லை, பன்னிரண்டு ஞானிகளும் இல்லை. எழுத்துக்கு எழுத்து நம்பி எவ்வளவு தூரம் போனாலும் அது நம்மை ஏமாற்றாது. அந்தத் தலைப்பு இதுதான்: “ஒரு திருத்தம்.”